கணவர் அருகில் இல்லாத குடும்பங்கள்: காணியும் கடதாசிகளும்

நிலாவெளிக்குத் திரும்பும் பல குடும்பங்களில் கணவர் கூட வருவதில்லை. சிலர் யுத்த காலத்தில் காணாமற்போனார்கள். சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் தங்கிவிட்டார்கள். சிலர் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்கிறார்கள். வேலி அடைப்பதும் கிணறு இறைப்பதும் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்ப்பதும் பெண்களின் பொறுப்பாகிவிடுகின்றன. ஆனால் காணி அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் கணவர் பெயரிலேயே இருக்கிறது. அவர் வந்த பிறகு பார்ப்போம் என்று விட்டால் வீட்டுத்திட்டமும் தாமதமாகும், காணியின் எல்லையும் தகராறாகலாம். அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்து நீங்கள் செய்ய வேண்டியது மாறும்.

வெளிநாட்டில் இருந்தால்

அவர் உங்கள் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதித் தரலாம். அதை அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்துக்குச் செல்லலாம். பத்திரம் கைக்கு வந்ததும் இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியுங்கள்.

காணாமற்போயிருந்தால்

மரணச் சான்றிதழ் எடுத்தால் அவர் இறந்ததை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பல பெண்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஈராக்கின் குர்து ஊர்களில் 1988 அன்ஃபால் நடவடிக்கையில் கணவரைப் பறிகொடுத்த பெண்களும் மனைவியா, விதவையா என்று தெரியாமல் பல வருடங்கள் வாழ்ந்தார்கள்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு வழி தந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெறலாம். அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது. அதைக் கொண்டு அரச உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தில் நீங்கள் கொடுத்த முறைப்பாடும் அதனால் நின்றுவிடாது.

இறந்திருந்தால்

அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் இல்லாவிட்டாலும் மனைவிக்கு அந்தக் காணியில் உரிமை உண்டு. 2022இல் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பின்னுரிமையில் மகளுக்கு முன்னால் மகன் என்ற வரிசையும் இல்லை.

எல்லோருக்கும்

முதலில் உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் திரும்பி வந்ததைப் பதியுங்கள். அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியுடன் குச்சவெளி பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குச் செல்லுங்கள். உங்கள் காணியின் விபரம் அங்குள்ள பதிவேட்டில் இருக்கலாம். எந்தப் படிவத்தையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுக் கடதாசியில், யார் கேட்டாலும், கையெழுத்து வைக்காதீர்கள்.