இரு மொழிக் குழந்தையும் பெற்றோர் கண்டிப்பும்

கினிகத்தேனைக் கடைவீதியில் தமிழும் சிங்களமும் அருகருகே ஒலிக்கின்றன. அயலிலுள்ள தோட்டத்து லயமொன்றில் ஒரு சிறுமி, "அம்மா, வத்துர தாங்க" என்கிறாள் எனக் கொள்வோம். 'வத்துர' என்பது தண்ணீரைக் குறிக்கும் சிங்களச் சொல். "ஒழுங்கா பேசு!" என்று தாய் கை ஓங்குகிறாள். இக்கண்டிப்புத் தகுமா?

இரு மொழி குழந்தையின் அறிவைக் குழப்பும் என்று ஒரு காலத்தில் அறிஞரும் அஞ்சினர். வேல்ஸ் நாட்டில் சேயர் என்பார் 1923இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டுப்புறத்து இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கியவர் என்றது. 1962இல் பீல், லாம்பர்ட் என்னும் இருவர், கனடாவின் மொன்றியல் நகரில், குடும்ப நிலையால் ஒத்த 10 வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். இரு மொழியும் நன்கறிந்தவரே அறிவுத் தேர்வுகளில் முந்தி நின்றனர். அம்முன்னிலை எங்கும் உண்டா என்பது பற்றி இன்றும் வாதம் உண்டு. ஆயினும் பழைய அச்சம் நிலைக்கவில்லை.

சொற்கலப்புக் குழப்பமன்று. ஒரு மொழியில் நாவுக்கு எட்டாத சொல்லை மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அது. அடிக்கு அஞ்சும் குழந்தை சொல்லைத் திருத்திக்கொள்வதை விட்டு, வாய் மூடியிருக்கவே பழகும். பேசாத பிள்ளையிடம் எம்மொழிதான் வளரும்?

கண்டிப்பே வேண்டாம் என்பதன்று நம் கருத்து. பொய்க்கும் பிடிவாதத்துக்கும் அன்பு கலந்த கண்டிப்பு வேண்டும். சொற்பிழைக்கோ, "தண்ணியா வேணும்? இந்தா தண்ணி" என்று தாய் சரியான சொல்லைத் தந்தாலே போதும். கேட்கக் கேட்கச் சொல் தானே நாவில் அமையும். பள்ளிக்குத் தமிழும் கடைவீதிக்குச் சிங்களமும் வேண்டியிருக்கும் அச்சிறுமிக்கு, இரண்டும் செல்வமே.