ஈயத்தை நீந்த வைப்பது எப்படி?

மீன் வடிவத்தில் வார்த்த 150 கிராம் ஈயக்கட்டியைக் கடலில் போட்டால் மூழ்கும். அதில் வியக்க ஒன்றுமில்லை. எப்படி மூழ்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எடை நடுவில் குவிந்திருந்தால் கட்டி கிடையாகப் படுத்துக்கொண்டு, இடமும் வலமுமாகச் சரிந்து, மினுக்கி மினுக்கி இறங்கும். அதே எடையை வால் பக்கம் தள்ளி வார்த்தால் செங்குத்தாக ஒரே பாய்ச்சலில் அடித்தரைக்குப் போய்விடும். நீளமும் நிறமும் எடையும் ஒன்றுதான். ஆனால் பார்க்கும் மீனுக்கு அவை இரண்டும் வேறு வேறு உயிர்கள்.

இந்த வகைப் போலி இரையை ஜிக் என்கிறார்கள். புழு, இறால், மத்தி எதுவும் மாட்டுவதில்லை. ஆழத்துக்கு இறக்கி, தூண்டில் நரம்பை மேலே சுண்டிச் சுண்டி ஆட்டுவதே வேலை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் காட் மீன் பிடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் செய்தார்கள். சிறுமீன் வடிவத்தில் ஓர் ஈயக்கட்டி, அதன் ஒரு முனையில் எதிரெதிராக வளைந்த இரண்டு தூண்டில் முட்கள். ஈயத்தை வீட்டிலேயே உருக்கி, தங்கள் அச்சில் தாங்களே ஊற்றிக்கொண்டார்கள். 1992 ஜூலையில் காட் மீன் வளம் சரிந்து கனடா அரசு அதன் வணிகப் பிடிப்பை நிறுத்தும்வரை அந்தக் கரையின் வாழ்க்கையே அந்த மீனை நம்பித்தான் இருந்தது. பிரிட்டனில் மூழ்கிய கப்பல்களின் மேல் தூண்டில் போட்டவர்கள் ஒரு காலத்தில் பழைய காரின் குரோம் பூசிய கதவுக் கைப்பிடியைக் கழற்றி, முள் கோத்து இறக்கினார்கள். கனமாக இருக்க வேண்டும், மின்ன வேண்டும். இரண்டும் அதில் இருந்தன.

ஏன் கனம்? மீன் ஆழத்தில் இருக்கிறது என்பது பாதி விடைதான். மீதி விடை நரம்பில் இருக்கிறது. 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள தங்கூசி நரம்பு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் அதை 100 மீட்டர் இறக்கினால், நீரோட்டத்துக்கு எதிரே அது காட்டும் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை நீருக்குள் விரித்துப் பிடித்ததற்குச் சமம். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் இழுவிசை நான்கு மடங்காகும். இலேசான இரையைப் போட்டால் நரம்பு வில்லாக வளைந்து, இரை படகுக்கு நேர் கீழே இல்லாமல் எங்கோ பின்னால் மிதந்து போகும். நாம் மேலே சுண்டுவது அந்த வளைவிலேயே செத்துவிடும், இரை அசையாது. நரம்பை நேராக நிறுத்தும் சக்தி எடைக்கு மட்டும்தான் உண்டு. நரம்பின் தடிமனைப் பாதியாக்கினால் பரப்பும் பாதியாகும். பாதித் தடிமனிலேயே அதே வலிமை தரும் பின்னல் நூல் வந்த பிறகு ஆழ்கடல் ஜிக்கிங் பரவியது இதனால்தான்.

எந்த உலோகம் என்பதும் நீருக்குள் போனதும் வேறு கணக்காகிவிடும். 100 கிராம் கருங்கல் கடல்நீரில் ஏறக்குறைய 61 கிராமாகத்தான் நிற்கும், மீதியை நீர் தாங்கிக்கொள்கிறது. 100 கிராம் ஈயமோ 91 கிராமாக நிற்கும். அதன் அடர்த்தி நீரைப்போல் 11.3 மடங்கு. 100 கிராம் ஈயத்தின் கொள்ளளவு 9 கன சென்டிமீட்டர்கூட இல்லை. டங்ஸ்டன் இன்னும் அடர்ந்தது, 19.3 மடங்கு. ஆனால் அதை உருக்க 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும், வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. ஈயமோ 327 டிகிரியில் உருகிவிடும்.

அடுத்து, உயிர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. பின்லாந்து மீனவர் லவுரி ரபாலா இதை ஏரியில் பார்த்துக் கற்றவர். வேட்டை மீன்கள் சிறுமீன் கூட்டத்துக்குள் பாயும்போது ஒழுங்காக நீந்துவதை விட்டுவிட்டு, கொஞ்சம் தடுமாறி நீந்துவதையே குறிவைப்பதை அவர் கவனித்தார். 1936 இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த பளபளத் தாளை ஒட்டி, புகைப்பட நெகடிவை உருக்கி மேல்பூச்சாகப் பூசி, அந்தத் தடுமாற்றத்தைச் செய்து காட்டினார். அவருடையது மிதக்கும் இலேசான இரை. இழுக்கும்போது நீர் அதன் முகவாயில் மோதி ஆட்டியது. கனமான உலோகத்துக்கு அந்த வசதி இல்லை. அது தன் எடையாலேயே தடுமாற வேண்டும்.

இதற்கான இயற்பியலை 1854 இல் ஒருவர் தொட்டிருக்கிறார். மின்காந்தச் சமன்பாடுகளுக்காக உலகம் அறிந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இளைஞராக இருந்தபோது, காற்றில் விழும் காகிதத் துண்டு ஏன் நேராக விழாமல் புரண்டுகொண்டே சரிகிறது என்று கட்டுரை எழுதினார். நீரில் விழும் உலோகத் தகட்டுக்கும் அதே கதைதான். தகடு ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கத் தொடங்கியதும், நீரின் தள்ளுவிசை அதன் நடுவில் விழாமல் முன்விளிம்பை ஒட்டி விழுகிறது. எடையோ நடுவில். தள்ளுவது ஓரிடம், இழுப்பது ஓரிடம் என்று ஆனதும் தகடு திரும்புகிறது. முன்விளிம்பு மேலே எழும்பும், வேகம் குறையும், ஒரு கணம் நிற்கும், பிறகு எதிர்ப்பக்கம் சரியும். அங்கேயும் இதே நாடகம். அடிபட்ட மீனின் துடிப்பாக வேட்டை மீன் படித்துக்கொள்வது இந்தச் சின்ன இடைவெளியைத்தான். எடையை ஒரு முனைக்குத் தள்ளிவிட்டால் அந்த முனையே எப்போதும் முன்னால் போகும், சரிவு நின்று பாய்ச்சல் வரும்.

ஆகவே வீட்டில் ஜிக் செய்பவருக்கு முதல் கருவி உலோகம் இல்லை, பென்சில். மரத்திலோ களிமண்ணிலோ மாதிரியைச் செய்ததும் அதைப் பென்சில் மேல் குறுக்கே வைத்து எங்கே சமநிலை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மாதிரி முழுவதும் ஒரே பொருள் என்றால் அந்தப் புள்ளி வார்த்த பிறகும் அநேகமாக அங்கேயே இருக்கும். நடுவில் அகன்று இரு முனையும் ஒடுங்கிய இலை வடிவம் மெதுவாக ஆடி இறங்கும். நீண்டு ஒல்லியாக, வால் தடித்திருந்தால் ஓட்டம் பலமான இடத்துக்கு உதவும். ஒரு பக்கத்தைத் தட்டையாகவும் மறுபக்கத்தைப் புடைப்பாகவும் செதுக்கினால், மேலே இழுக்கும்போது நேர்கோட்டில் வராது, பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு வரும். என்னைக் கேட்டால், கண், செவுள், செதில் என்று வரைவதில் செலவிடும் நேரத்தில் பாதியை இந்தப் புடைப்புக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது அச்சு. பலரும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நினைப்பார்கள். மலிவு, மாதிரியின் ஒவ்வொரு கோட்டையும் பிடிக்கும். ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. இறுகிய பிளாஸ்டர் என்பது ஜிப்சம். கையில் எடுத்தால் சுண்ணாம்புக் கட்டியாக உலர்ந்திருக்கும். ஆனாலும் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தண்ணீர், படிகத்துக்குள் வேதிப்பிணைப்பில் கட்டுண்ட தண்ணீர். வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும் ஈரம்தான் போகும், இந்தத் தண்ணீர் போகாது. உருகிய ஈயம் பட்டதும் அது விடுபட்டு ஆவியாகும். ஒரு மில்லி தண்ணீர் ஆவியானால் சுமார் 1.7 லிட்டர். வெளியேற வழி இல்லாத ஆவி, மேலே நிற்கும் ஈயத்தை முகத்தில் தூக்கி அடிக்கும். ஈயம் வார்ப்பதில் நடக்கும் கொடிய விபத்துகள் பலவற்றுக்கு இப்படிச் சிக்கிய நீர்தான் காரணம். ஒரு வியர்வைத் துளி போதும்.

இதற்குப் பழைய, அழகான விடை மாக்கல். நம் வீடுகளில் கல்சட்டியாக இருந்த அதே கல். கத்தியால் செதுக்கும் அளவுக்கு மென்மை, சூட்டைத் தாங்கும் உறுதி. அதிலுள்ள டால்க் கனிமத்திலும் பிணைந்த நீர் உண்டு, ஆனால் வெப்பம் 800 டிகிரியை நெருங்கினால்தான் அது பிடியை விடும். ஈயத்தின் சூட்டுக்கு அது அசையாது. உலகின் பல பகுதிகளில் வெண்கலக் காலத்திலேயே மாக்கல்லில் வார்ப்பச்சு வெட்டியிருக்கிறார்கள். நார்வேயில் வைக்கிங் காலத்தில் தூண்டில் குண்டையே இதில் செதுக்கினார்கள். மாக்கல்லானாலும் மேற்பரப்பில் ஈரம் தங்கும், அதனால் ஊற்றும் முன் அச்சை நன்றாகச் சூடேற்றியே ஆக வேண்டும்.

ஈயத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உருகும் சூட்டில் அது அதிகம் ஆவியாவதில்லை என்பது உண்மை, அதன் கொதிநிலை 1,749 டிகிரி. ஆபத்து மேலே படியும் ஆடையில் இருக்கிறது. புதிதாக உருகிய ஈயத்தின் முகம் வெள்ளிபோல் பளிச்சிடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிச் சாம்பலும் மஞ்சளுமாக ஆடை கட்டும். அந்த ஆக்சைடு தூளாகி, கை, உடை, சாப்பாட்டுத் தட்டு வழியாக உடலுக்குள் போகிறது. அரம் போடும்போது பறக்கும் தூளும் அப்படியே. குழந்தைகளுக்கு இத்தனை வரை பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய ஓர் ஈய அளவு இரத்தத்தில் இல்லை. செனகலில் டக்கார் நகரை ஒட்டிய தியாரோயே சூர் மேர் என்ற கடற்கரைப் பகுதியில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து எடுத்த ஈயம் மண்ணில் கலந்திருந்தது. பழைய பேட்டரித் தகட்டை உருக்கி ஜிக் செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்கவே கூடாது. சமையலறையிலும், பிள்ளைகள் நடமாடும் இடத்திலும் ஈயம் உருக்கக் கூடாது.

பறவைகளுக்கும் அதே நஞ்சு. நீர்ப்பறவைகள் இரைப்பையில் அரைக்கப் பொடிக்கல் விழுங்கும், கூடவே சிறு ஈயக் குண்டையும் விழுங்கும். அன்னங்கள் இப்படி மடிந்ததால் இங்கிலாந்தில் 1987 இல் 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈயக் குண்டுகளைத் தூண்டிலுக்காக விற்பது தடைசெய்யப்பட்டது. கனமான ஜிக்கை அன்னம் விழுங்காது என்பதால் அது தடையில் சிக்கவில்லை. வார்ப்பவரின் உடலுக்கு அந்தச் சலுகை இல்லை.

அதனால் வீட்டில் தொடங்குபவருக்கு நான் சொல்வது வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த உலோகம். நூற்றில் 58 பங்கு பிஸ்மத், 42 பங்கு வெள்ளீயம். இந்த விகிதத்தில் 138 டிகிரியிலேயே உருகிவிடும், கொதிநீரைவிட 38 டிகிரிதான் அதிகம். சிலிக்கோன் ரப்பர் அச்சு இதற்குப் போதும். அடர்த்தி 8.6 அளவில் இருப்பதால் அதே எடைக்கு ஜிக் கொஞ்சம் பருத்திருக்கும். விலையும் கூடுதல். ஆனால் இதில் ஒரு விந்தை உண்டு. ஈயம் இறுகும்போது சுருங்கும், ஊற்றிய வாயில் குழி விழும். பிஸ்மத் தண்ணீரைப்போலவே இறுகும்போது விரியும். இரண்டும் கலந்ததில் சுருக்கம் பெரும்பாலும் அடங்கிவிடுவதால், செதில் கோடு மழுங்காமல் வரும். இந்த உலோகம் நொறுங்கக் கூடியது, பாறையில் ஓங்கி மோதினால் உடையலாம். இன்னொன்று, பவுடர் பெயின்டை 180 டிகிரி அளவில் அடுப்பில் சுடுவார்கள். அங்கே வைத்தால் பெயின்ட் உறைவதற்குள் ஜிக் வழிந்தோடிவிடும். குளிர்நிலையில் இறுகும் எபாக்ஸியே இதற்குப் பொருத்தம்.

எந்த உலோகமானாலும் மீனின் இழுப்பை அது தாங்கக் கூடாது. தலை வளையத்திலிருந்து வால் வளையம்வரை ஒரே எவர்சில்வர் கம்பி உள்ளே ஓட வேண்டும். எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது, சுற்றி இறுகி நிற்பதோடு சரி. நேர்க்கம்பியை வைத்தால் பெரிய மீன் உருவிக்கொண்டு போய்விடும். அச்சில் படுக்கவைக்கும் முன் கம்பியை இரண்டு இடத்தில் நெளித்துவிட்டால் உருவாது. நிறத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். பத்து மீட்டர் தாண்டுவதற்குள் சிவப்பு ஏறக்குறைய மறைந்துவிடும், ஆழத்தில் நீலமும் பச்சையும்தான் மிஞ்சும். அங்கே அசைவையும் மினுக்கத்தையும் பக்கக்கோட்டு உறுப்பில் உணரும் அதிர்வையும் வைத்தே மீன் முடிவெடுக்கிறது.

கடைசி வேலை முள்ளைக் கட்டுவது. அதை வாலில் இறுக்கமாகப் பூட்டினால் கடித்த மீன் தலையை உதறும்போது 150 கிராம் கட்டி நெம்புகோலாக ஆடி முள்ளைப் பிடுங்கிவிடும். எடையே எதிரியாகிவிடும் இடம் இது. ஜப்பானியத் தூண்டில்காரர்கள் பரப்பிய முறையில், தலை வளையத்தில் சில சென்டிமீட்டர் உறுதியான கயிற்றைக் கட்டி அதன் நுனியில் முள்ளைத் தொங்கவிடுகிறார்கள். மீன் எவ்வளவு உதறினாலும் கட்டி தன்பாட்டுக்கு ஆடும், முள் தன் இடத்தில் இருக்கும். கயிறு ஜிக்கின் பாதி நீளத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் வாலில் சிக்காது.