வாப்பா கட்டை என்றால் பிள்ளையும் கட்டையா?

முதலாம் ஆண்டுக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளை உயரப்படி வரிசையில் நிறுத்துவது எங்கள் வழக்கம். முன்னால் நிற்கும் நாலைந்து பிள்ளைகளைப் பற்றி உம்மாமார் சொல்வது ஒரே கதைதான்: "அவன்ட வாப்பாவும் கட்டைதானே சேர்!" நானும் பல வருடங்கள் அதைக் கேட்டுத் தலையாட்டியவன்தான்.

பரம்பரைக்கு ஒரு பங்கு இல்லாமலில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அளந்து பார்த்தது. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைத்த பிள்ளைகள், ஐந்து வயது வரை எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். இதிலிருந்துதான் 2006இல் வளர்ச்சி நியமங்கள் வந்தன. அவற்றின்படி, இரண்டு வயதில் ஆண்பிள்ளை 81 சென்ரிமீற்றருக்கும் பெண்பிள்ளை 79.3 சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருந்தால் அது வளர்ச்சி குன்றல். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்குப் பதினேழு பேர் இந்த நிலையில் இருந்தனர்.

"திண்ணக் குடுக்கத்தானே செய்றோம், பிறகு ஏன் வளரல்ல?" என்று கேட்கலாம். ஆய்வாளர்கள் இதற்கான விடையைப் பிள்ளையின் சிறுநீரிலும் மலத்திலும் இரத்தத்திலும் தேடினார்கள். உடலுக்குள் நடப்பதை வெளியே காட்டிக்கொடுக்கும் இத்தகைய தடயங்களை உயிர்க்குறிகாட்டிகள் என்கிறோம்.

முதல் தடயம் குடலில் கிடைத்தது. லக்டுலோஸ் என்ற சர்க்கரை ஆரோக்கியமான குடற்சுவரைக் கடந்து உள்ளே போவது மிகக் குறைவு. அதைக் குடிக்கக் கொடுத்த பின் சிறுநீரில் கூடுதலாகத் தென்பட்டால் குடல் ஒழுகுகிறது என்று பொருள். கம்பியாவில் குழந்தைகளிடம் நடந்து 1991இல் வெளியான ஆய்வு, வளர்ச்சிப் பின்னடைவில் 43 வீதத்தை இந்த ஒழுகலோடு தொடர்புபடுத்தியது. 2013இல் வெளியான எட்டு நாட்டு ஆய்வு, குடல் அழற்சியைக் காட்டும் மூன்று பொருள்களை மலத்தில் அளந்தது. அவை மிகக் கூடுதலாக இருந்த குழந்தைகள், மிகக் குறைவாக இருந்தவர்களை விட அடுத்த ஆறு மாதத்தில் ஒரு சென்ரிமீற்றரளவு குறைவாக வளர்ந்தார்கள். இத்தனைக்கும் வயிற்றோட்டம் இருக்கவேண்டும் என்றில்லை. பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கும். குடல் மட்டும் உள்ளுக்குள் புண்பட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்த தடயம் இரத்தத்தில். மலாவியில் 313 பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, வளர்ச்சி குன்றியோரிடம் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் ஒன்பதுமே குறைவு என்று கண்டது. இவை புரதத்திலிருந்து வருபவை. உடல் தானாக உண்டாக்க முடியாதவை. இவை போதாவிட்டால் எலும்பு வளர்வதற்கான கட்டளை கிடைப்பதில்லை. சோற்றுக் கஞ்சியும் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட்டும் வயிற்றை நிரப்பும், எலும்பை நீட்டாது.

இதை நம் வாவிக்கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். முட்டை, நெத்தலி, இறால், வாவி மீன் எல்லாம் நம் காலடியிலேயே கிடைக்கின்றன. ஆறு மாதம் முடிந்ததும் இவற்றை முள் எடுத்து மசித்துக் கொடுக்கலாம். இரண்டு வயது வரை தாய்ப்பாலையும் தொடரலாம். அல்குர்ஆன் சொல்லும் பாலூட்டும் காலமும் அதுவே.

தண்ணீர் விஷயம் இன்னும் சிக்கலானது. நமது ஊர்களில் மண் மணல், காணி சிறியது. ஒரு வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு மலசலகூடக் குழி. பங்களாதேஷ், கென்யா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளில், வீட்டுக்கு வீடு மலசலகூடமும் கைகழுவும் வசதியும் கொடுத்தும் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. சத்துணவு கொடுத்த இடத்தில் மட்டும் சற்றுக் கூடியது. வீட்டை மட்டும் சுத்தமாக்கினால் போதாது, சுற்றாடல் முழுவதும் சுத்தமாக வேண்டும் என்பதே பல ஆய்வாளர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம். கொதித்தாறிய நீரைக் கொடுப்பது உம்மாவின் கையில். குழியைக் கிணற்றுக்குத் தூரமாக வைப்பதோ தெருவே சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு. அயலவருக்குள்ள கடமை என்பது இதுவும்தான்.

இந்தச் சோதனைகளைச் செய்விக்க யாரும் ஆய்வுகூடம் தேடி ஓடவேண்டியதில்லை, அவை ஆராய்ச்சிக்கானவை. நம் கைக்கெட்டிய குறிகாட்டி அளவு நாடாதான். கிளினிக்கில் நிறையைக் கேட்பது போல "உயரம் எவ்வளவு மிஸ், போன முறையை விடக் கூடியிருக்கா?" என்றும் கேளுங்கள். கோடு படுத்தால் அப்போதே காரணம் தேடலாம். இழந்த உயரத்தை ஈடுசெய்ய மிக ஏற்ற காலம் முதல் இரண்டு வயதுதான். வரிசையின் முன்னால் நிற்கும் பிள்ளைக்கு அந்தக் காலம் போய்விட்டது. வீட்டில் தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கு இன்னும் இருக்கிறது.