காற்றின் வரவுக்கணக்கு

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஸ்கோரைக் என்றொரு தீபகற்பம் இருக்கிறது. நிலத்தோடு ஒட்டித்தான் கிடக்கிறது, ஆனால் கார் போகும் சாலை கிடையாது. கடல் உள்ளே புகுந்த ஒரு நீர்ப்பரப்பைப் படகில் தாண்டவேண்டும், இல்லையென்றால் மலையோர ஒற்றையடிப் பாதையில் எட்டு கிலோமீட்டர் போல நடக்கவேண்டும். மின்சாரக் கம்பியும் அங்கே போய்ச் சேரவில்லை. 1970-களில் அங்கே குடியேறிய ஹியூ பிகட் என்பவர், பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களை வைத்துத் தன் வீட்டுக்கு ஒரு காற்றாலை செய்துகொண்டார். பிறகு அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் செய்தார். வருடா வருடம் திருத்தித் திருத்தி, கடைசியில் எந்தப் பலகையை எவ்வளவு இழைப்பது, எந்தச் சுருளில் எத்தனை சுற்று என்பதுவரை புத்தகமாக எழுதிவைத்துவிட்டார். இன்று உலகத்தில் சொந்தக் கையால் காற்றாலை கட்டுகிறவர்களில் பலர் அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கட்டுகிறார்கள்.

அந்த இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். விளம்பரப் படங்களில் வருவதுபோல வழவழப்பாக இருக்காது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்லது கிடையாது.

மூன்று மர இறக்கைகள். அவை சுழலும் வட்டத்தின் விட்டம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இறக்கைகள் மாட்டியிருக்கும் அச்சு, காரின் சக்கரத்தைத் தாங்கும் அதே ஹப். பல்சக்கரம் எதுவும் இல்லை. இறக்கை ஒரு சுற்று சுற்றினால் ஜெனரேட்டரும் ஒரு சுற்றுதான். அந்த ஜெனரேட்டர் இரண்டு வட்ட இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் வட்டமாக 12 நியோடிமியம் காந்தங்கள். இரண்டுக்கும் நடுவில், பிசினில் வார்த்து இறுகிய 9 செம்புச் சுருள்கள் அசையாமல் நிற்கும். காந்தங்கள் சுருள்களைக் கடந்து போகப் போகச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சுருளுக்குள் இரும்பு இல்லை என்பதில்தான் சூட்சுமம். இரும்பு இருந்தால் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும்; இளங்காற்றில் இறக்கை நகரவே நகராது.

காந்தங்கள் விளையாட்டுப் பொருள் அல்ல. இரண்டு தட்டுகளையும் வெறுங்கையால் சேர்க்கப் போனால் விரல் நசுங்கிவிடும். அதனால் மரை வெட்டிய கம்பிகளில் ஒரு தட்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித்தான் கீழே இறக்குவார்கள்.

எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்த பாகம் வால். காற்று வரும் திசைக்கு முகம் காட்டுவது அதன் ஒரு வேலைதான். பெரிய வேலை, புயலில் காப்பாற்றுவது. இறக்கைகளின் அச்சு கோபுரத்தின் நேர் மேலே இருக்காது, வேண்டுமென்றே சில சென்டிமீட்டர் ஓரமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். வாலின் கீலும் நேராக இல்லாமல் சாய்வாக இருக்கும். காற்று அளவோடு வீசும்போது வாலின் எடை எல்லாவற்றையும் நேராகப் பிடித்திருக்கும். காற்று முரட்டுத்தனமாகத் தள்ளும்போது, ஓரமாக இருக்கும் இறக்கை வட்டம் பக்கவாட்டில் திரும்பும், வால் மேலே தூக்கிக்கொள்ளும். காற்றுக்கு இப்போது முழு முகம் கிடைக்காது, விலாப்புறம்தான் கிடைக்கும். காற்று தணிந்ததும் வால் தன் எடையாலேயே கீழே இறங்க, முகம் மறுபடி நேராகிறது. சென்சார் இல்லை, மோட்டார் இல்லை. ஒரு சாய்ந்த கீலும் புவியீர்ப்பும் மட்டும்தான்.

இது இல்லாமல் என்ன ஆகும் என்பதை உலகின் முதல் வீட்டுக் காற்றாலைக்காரரே அனுபவித்திருக்கிறார். கிளாஸ்கோ பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் 1887 ஜூலையில் மேரிகர்க் கிராமத்தில் தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப் பாய் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுத்தி, பேட்டரியில் மின்சாரம் சேர்த்து வீட்டில் விளக்கேற்றினார். பெருங்காற்றில் அதை அடக்குவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. மிஞ்சிய மின்சாரத்தைக் கிராமத்துத் தெருவிளக்குக்கு இலவசமாகத் தருகிறேன் என்றபோது, அது சாத்தானின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்கள். இலவச மின்சாரத்தை வேண்டாம் என்ற ஊர் வரலாற்றில் அது ஒன்றுதான் இருக்கும்!

சரி, இது எவ்வளவு தரும்?

கடைக்காரர் ‘ஒரு கிலோவாட் மெஷின்’ என்பார். அந்த எண் ஏதோ ஒரு காற்று வேகத்தில் கிடைப்பது. பெரும்பாலும் நொடிக்கு 11, 12 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர். உங்கள் வீட்டுக்கு மேலே அந்த வேகத்தில் காற்று எத்தனை மணி நேரம் வீசும் என்பதைப் பற்றி அந்த எண் மூச்சுவிடாது. என்னைக் கேட்டால், அதைவிட இறக்கை வட்டத்தின் பரப்பைச் சொல்லும் எண்தான் நேர்மையானது.

காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. நம் 2.4 மீட்டர் வட்டத்தின் பரப்பு சுமார் 4.5 சதுர மீட்டர். நொடிக்கு 5 மீட்டர் காற்றில் அந்த வட்டத்தைக் கடந்து போகும் ஆற்றல் 346 வாட். அதே வட்டத்தில் 10 மீட்டர் காற்றில் 2,770 வாட். இதில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ள முடியாது. பிடுங்கினால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், அடுத்த காற்று வர வழியிருக்காது. அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டினார். வீட்டுக் காற்றாலையில் இறக்கை, சுருள், கம்பி என்று ஒவ்வொரு இடத்திலும் இழந்தபின் கால் பங்கு கைக்கு வந்தால் நல்ல இயந்திரம்.

இப்போது இரண்டு நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள், 24 மணி நேரமும் ஒரே சீராக 5 மீட்டர் காற்று. மறுநாள், பாதி நாள் இலை அசையவில்லை. மீதிப் பாதி நாள் 10 மீட்டர். இரண்டு நாட்களின் சராசரியும் 5 மீட்டர்தான். முதல் நாளில் சேர்ந்தது ஏறக்குறைய 2 யூனிட். இரண்டாம் நாளில் 8 யூனிட்டுக்கு மேல். ‘எங்கள் ஊரில் சராசரிக் காற்று இவ்வளவு’ என்று மட்டும் சொல்வது ஏன் போதாது என்பது இதில் விளங்கிவிடும். காற்றாலையின் வருமானம் மாதச் சம்பளம் மாதிரி வருவதில்லை. சில காற்றடித்த நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டு, பல நாட்கள் சும்மா இருக்கும். எந்த நாட்கள் அவை என்று தெரிய, அளந்தே ஆகவேண்டும்.

அளப்பதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, பேட்டரிக்குள் போகும் ஆம்பியரும் வோல்ட்டும். இரண்டையும் பெருக்கினால் அந்தக் கணத்தின் வாட். அதை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போனால் யூனிட். சுவரில் தொங்கும் முள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது சுகமான பொழுதுபோக்கு, ஆனால் அது கணக்கு ஆகாது. பலத்த வீச்சு வரும்போதுதான் நாம் எழுந்துபோய் மீட்டரைப் பார்ப்போம். அப்போது முள் எங்கே நின்றது என்பதுதான் மனதில் தங்கும். தானாகக் கூட்டிவைக்கும் யூனிட் மீட்டருக்கு இந்தப் பாசம் கிடையாது.

இன்னொன்று, காற்றின் வேகம். கிண்ணங்கள் சுழலும் காற்றுவேகமானியை அயர்லாந்து வானியலாளர் ராபின்சன் 1846-ல் செய்தார். இன்றும் அடிப்படை அதேதான். கிண்ணம் சுற்றும்போது ஒரு சிறு காந்தம் ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகும், தட்டுகளை எண்ணினால் வேகம். அதை இறக்கை இருக்கும் உயரத்திலேயே மாட்டவேண்டும். வசதியாக இருக்கிறதே என்று மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினால், அந்த எண்ணுக்கும் காற்றாலைக்கும் சம்பந்தமே இருக்காது.

ஒவ்வொரு நிமிடத்துக்கும் சராசரிக் காற்று, சராசரி வாட் என்று சில மாதம் சேர்ந்தபின், வேகவாரியாகப் பிரித்துப் போடுவார்கள். 4 மீட்டர் காற்றடித்த நிமிடங்கள் ஒரு பக்கம், 4.5 மீட்டர் நிமிடங்கள் இன்னொரு பக்கம் என்று. ஒவ்வொன்றின் சராசரியையும் புள்ளியாக வைத்து இணைத்தால் வருவது உங்கள் காற்றாலையின் சொந்த ஜாதகம். கம்பெனிக்காரர் தாளில் அச்சடித்த கோட்டோடு அது ஒத்துப்போவது அபூர்வம்.

தனித்தனிப் புள்ளிகளைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். அதே 7 மீட்டர் காற்றில் ஒரு நிமிடம் 300 வாட், இன்னொரு நிமிடம் 120 என்று சிதறிக் கிடக்கும். மீட்டரில் கோளாறு என்று நினைக்கவேண்டியதில்லை. வீச்சு வந்து போவதற்குள் இறக்கை வேகமெடுக்க நேரம் பிடிக்கிறது. திசை மாறிக்கொண்டே இருந்தால் வால் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். பேட்டரி நிறைந்துவிட்டால் கன்ட்ரோலர் மின்சாரத்தை ஹீட்டருக்குத் திருப்பிவிடும். மீட்டரை எந்த இடத்தில் மாட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து, அப்படித் திரும்பியது கணக்கில் வரலாம், வராமலும் போகலாம். சிதறல் அளவுக்கு மீறி இருந்தால், இடத்தில் காற்றுச் சுழிப்பு அதிகம் என்று அர்த்தம்.

பெரும்பாலான வீட்டுக் காற்றாலைகள் ஏமாற்றுவதற்குக் காரணம் இந்தச் சுழிப்புதான். ஒரு வீடோ மரமோ காற்றைத் தடுத்தால், அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு மேலேயும், இருபது மடங்கு தூரம் பின்னாலேயும் காற்று கலங்கிக் கிடக்கும். கோபுரம் சுற்றுவட்டத்தில் உள்ள எல்லாவற்றையும்விடக் குறைந்தது 10 மீட்டராவது உயர்ந்து நிற்கவேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது அதனால்தான். மொட்டைமாடியில் ஒரு கம்பத்தை நட்டு மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. 2007 முதல் 2009 வரை அங்கே கட்டடங்களில் மாட்டிய 26 சிறு காற்றாலைகளை மீட்டர் வைத்துக் கண்காணித்தார்கள். வார்விக் சோதனை என்று அதற்குப் பெயர். பழுதாகி நின்ற நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு காற்றாலை ஒரு நாளைக்குத் தந்தது சராசரியாக 214 வாட்-மணி. அதாவது கால் யூனிட்டுக்கும் குறைவு. தன் எலக்ட்ரானிக்ஸ் தின்ற மின்சாரத்தைக்கூடச் சம்பாதிக்காதவையும் அதில் உண்டு. உயரமான அடுக்குமாடிகளின் உச்சியில் வைத்தவைக்கு நல்ல காற்று கிடைத்தது. ஆனால் கீழே குடியிருந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்ததால் அவற்றை நிறுத்தி வைத்தார்கள்.

காற்றாலையோடு வாழ்வதில் சத்தமும் ஒரு பங்கு என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. இறக்கையின் வீச்சொலி பழகிவிடும். வீட்டோடு கம்பத்தைக் கட்டினால் சுவர் வழியே இறங்கும் அதிர்வு பழகாது. அதனால் தனியாகக் கோபுரம் நட்டு, நான்கு பக்கமும் ஸ்டே கம்பி கட்டுவதுதான் முறை. அடியில் கீல் வைத்து, ஆட்கள் சேர்ந்து அப்படியே படுக்கவைக்கும்படி அமைத்தால், ஆண்டுக்கொரு முறை நட்டு முடுக்கவும், தேய்ந்த இறக்கை முனைக்குப் பூச்சு கொடுக்கவும் யாரும் உயரத்தில் ஏறவேண்டாம். பிகட் முறைக் காற்றாலையில் மின்சாரக் கம்பி கோபுரத்தின் உள்ளே சும்மா தொங்கும். காற்று சுற்றிச் சுற்றி வந்தால் முறுக்கிக்கொள்ளும். எப்போதாவது அடியிலுள்ள பிளக்கைக் கழற்றி முறுக்கை அவிழ்த்துவிட்டால் போதும். நிறுத்தவேண்டும் என்றால், காற்று தணிந்த நேரம் பார்த்து, ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று மின்சாரக் கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுவார்கள். ஜெனரேட்டர் தனக்குத்தானே பிரேக் போட்டுக்கொள்ளும்.

பழுதை முதலில் காட்டிக்கொடுப்பதும் காற்றையும் வாட்டையும் சேர்த்துவைத்த அந்தக் கணக்குதான். போன மாதம் 8 மீட்டர் காற்றில் வந்த வாட் இந்த மாதம் அதே காற்றில் வரவில்லை, அதோடு ஓர் உறுமலும் கேட்கிறது என்றால், மூன்று கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபயரில் ஒரு டயோடு போயிருக்கலாம். கணக்கு வைக்காதவர் காற்று குறைந்துவிட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் சும்மா இருப்பார்.

ஸ்கோரைக்கில் இன்று வீடுகளில் சூரியத் தகடுகளும் உண்டு. அங்கே குளிர்காலத்தில் வெயில் அருமை, காற்று தாராளம்; ஒன்று இல்லாதபோது மற்றொன்று வரும். நம் தெற்கு, மேற்கு மாவட்டங்களில் இந்தக் கணக்கு வேறு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்கள் வழியே மே முதல் செப்டம்பர் வரை காற்று பாய்ந்து வரும், பிறகு ஓய்ந்துவிடும். தென்மேற்குப் பருவத்தின் மேகம் வெயிலை மறைக்கும் மாதங்களில் காற்று கைகொடுக்கும். மீதி மாதங்களுக்குச் சூரியத் தகடுதான் கதி. வெப்பமும் கொஞ்சம் வெட்டும்: 35 டிகிரிக் காற்று 15 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 6 சதவீதம் லேசானது, அதனால் அதே வேகத்தில் அந்த அளவுக்கு ஆற்றல் குறைவு.

கணவாய் வாயில் தோட்டமும் திறந்த வெளியும் உள்ளவர் யோசிக்கலாம். சென்னையில் நாலாவது மாடிக்காரர் அந்தப் பணத்துக்குச் சூரியத் தகடு வாங்கிக்கொள்வது மேல். இடையில் இருப்பவர்கள் முதலில் வேகமானியை மட்டும் ஒரு கம்பத்தில் ஏற்றி, ஆடி மாதத்தையும் மார்கழியையும் சேர்த்து ஒரு முழு ஆண்டு அளந்து பார்க்கலாம். சிறு காற்றாலைகளைச் சோதிக்கும் களம் நம் கயத்தாற்றிலேயே இருக்கிறது, தேசியக் காற்றாற்றல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. பிகட் முறையில் மரத்தை இழைத்து, சுருள் சுற்றிக் காற்றாலை செய்யும் பட்டறை ஆரோவில்லில் நடந்திருக்கிறது. வாங்கும் முன் விற்பவரிடம் கேட்கவேண்டியது இதுதான்: இந்த இயந்திரத்தை எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்தனை மாதம் அளந்தீர்கள், அங்கே மாதத்துக்கு எத்தனை யூனிட் வந்தது? கிலோவாட்டை மட்டும் திரும்பச் சொன்னால், வேறு கடை பாருங்கள்.