பல் தேய்த்துவிடுவது யார்? முதியோர் இல்லத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி

அம்மாவையோ அப்பாவையோ முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகும் குடும்பங்கள் நிறையவே விசாரிக்கின்றன. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, டாக்டர் வாரம் எத்தனை முறை வருவார், இரவில் கூப்பிட்டால் ஆள் வருமா என்றெல்லாம் கேட்கிறோம். “கை நடுங்கும் அப்பாவுக்குப் பல் தேய்த்துவிடுவது யார்?” என்று மட்டும் கேட்பதில்லை. இல்லத்தாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வயதானால் பல் போகத்தானே செய்யும் என்ற எண்ணம் இரு தரப்பிலும் ஊறிக் கிடக்கிறது.

அது தவறான எண்ணம். வயது ஏறுவதால் மட்டும் பல் விழுவதில்லை. சொத்தையும் ஈறு நோயும்தான் பெரும்பாலும் பல்லைப் பறிக்கின்றன; இரண்டையும் பெருமளவு தடுக்கலாம். வேளைக்கு மாத்திரை கொடுப்பது எப்படி இல்லத்தின் கடமையோ, அப்படியே வாயைச் சுத்தமாக வைத்திருப்பதும். அதைக் கேட்டுப் பெறும் உரிமை அங்கே வாழும் பெரியவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உண்டு.

வாயில் தொடங்கி நுரையீரல் வரை

முதுமையில் ஈறு இறங்கி, பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரிய ஆரம்பிக்கும். வேருக்கு எனாமல் பாதுகாப்பு கிடையாது. சீக்கிரம் சொத்தை விழும். வாய் உலர்வு இதை இன்னும் வேகப்படுத்துகிறது. ரத்தக் கொதிப்பு, மனச்சோர்வு, ஒவ்வாமை போன்றவற்றுக்கான மாத்திரைகளில் பல, எச்சில் சுரப்பைக் குறைப்பவை. பல்லைத் தாக்கும் அமிலத்தைத் தணிப்பது எச்சில்தான். அது வற்றினால் சொத்தை, வாய்ப்புண், பூஞ்சைத் தொற்று எல்லாம் வரிசைகட்டி வரும். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது.

மெல்ல முடியாதவர் முதலில் ஒதுக்குவது சுண்டல், பொரியல், பழம், கறி ஆகியவற்றைத்தான். பிறகு தட்டில் மிஞ்சுவது குழைந்த ரசம் சாதமும் டீயில் நனைத்த பிஸ்கட்டும். சத்து குறைந்து உடல் மெலிகிறது. அதையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது நிமோனியா. விழுங்கும் திறன் குன்றியவருக்குப் புரை ஏறும்போது, வாயில் மண்டியிருக்கும் கிருமிகள் எச்சிலோடும் உணவோடும் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 2 ஆண்டுகள் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கு நிமோனியா வந்தது. அந்தக் கவனிப்பு கிடைக்காதவர்களில் 19 விழுக்காட்டினருக்கு. 85 வயது தாண்டியவர்களிடம் டோக்கியோவில் செய்யப்பட்டு 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வு, பல்செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று கண்டது.

வலியைச் சொல்ல முடியாதவர்கள்

மறதி நோய் முற்றியவரால் பல் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. ஊட்ட வரும் ஸ்பூனைத் தட்டிவிடுவார். கன்னத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். பல்செட்டைக் கழற்றி வீசுவார். இரவெல்லாம் முனகுவார். நேற்றுவரை சாதுவாக இருந்தவர் இன்று முகம் கழுவவிடாமல் அடிப்பார். இதற்கெல்லாம் “பாட்டி அடம் பிடிக்குது” என்று முடிவு கட்டித் தூக்க மாத்திரை கேட்பதற்கு முன்னால், ஒரு டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்க்க வேண்டும். உடைந்த பல் நாக்கைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். ஈறில் சீழ் கட்டியிருக்கலாம். தளர்ந்த பல்செட் உராய்ந்து புண்ணாகியிருக்கலாம்.

வாயில் வெள்ளையோ சிவப்போ திட்டு, கட்டி, ஆறாத புண் என எது இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போட்டவர்கள், மூக்குப்பொடியை ஈறில் தேய்த்தவர்கள் நம் இல்லங்களில் நிறையப் பேர். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

தினமும் நடக்க வேண்டியது

மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், காலை ஒரு முறை, படுக்குமுன் ஒரு முறை: அடிப்படை இவ்வளவுதான். கரித்தூள், செங்கல் தூள், சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். வெளியே தெரியும் வேரை அவை அரித்துவிடும். தானாகத் தேய்க்க முடிந்தவரைத் தேய்க்க விட்டு, விட்டுப்போன இடத்தை மட்டும் உதவியாளர் பார்த்துக்கொள்ளலாம். கை விரல் மடங்காதவருக்கு பிரஷின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தாலே போதும்.

படுக்கையில் இருப்பவரை மல்லாக்கப் போட்டபடி பல் தேய்த்துவிடக் கூடாது, புரை ஏறும். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி, முகவாயைச் சற்றுக் கீழே இறக்கி, கொஞ்சமே கொஞ்சம் பேஸ்ட் தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வாயைத் திறக்க மறுத்தால் வலுக்கட்டாயம் கூடாது. சற்று நேரம் கழித்து, பழகிய முகம் ஒன்று, “அம்மா, பல் தேய்ச்சுக்கலாமா?” என்று கேட்டுப் பார்க்கலாம்.

பல்செட்டுக்கு வேறு முறை. தண்ணீர் நிரப்பிய பேசினுக்கு மேல் பிடித்து, சோப்பும் பிரஷும் போட்டுக் கழுவ வேண்டும். கை தவறினாலும் உடையாது. பேஸ்ட் போட்டால் கீறல் விழும், கொதிநீர் பட்டால் வடிவம் கோணிவிடும். இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு செட்டிலும் டப்பாவிலும் உரியவர் பெயர் இருக்க வேண்டும். பெயரில்லாத நான்கைந்து செட்களை ஒரே பக்கெட்டில் அலசினால், இன்னொருவர் செட்டை வாயில் மாட்டிக்கொண்டு, அது பொருந்தாமல் புண்ணோடு அவதிப்படும் நிலைதான் வரும்.

பல் பிடுங்கப் போகுமுன் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்கு, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். இதை மறக்காமல் சொல்லுங்கள்.

சட்டம் தரும் பிடிமானம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, பராமரிப்பு என்பதற்குள் உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவக் கவனிப்பையும் சிகிச்சையையும் சேர்த்தே சொல்கிறது. பல்லுக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. கவனிக்க மறுக்கும் பிள்ளைகள்மீது, தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். சாதாரணமாக 90 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் உள்ளது.

கட்டணம் வாங்கும் இல்லம் அளிப்பது ஒரு சேவை. ஒப்பந்தத்தில் சொன்ன கவனிப்பைத் தராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுக்குள் அணுகலாம். அதற்கு முன்பே செய்ய வேண்டியவை: குறையைத் தேதியிட்டு எழுத்தில் நிர்வாகியிடம் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள், வாயின் நிலையைப் படம் எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் புகார் கொடுங்கள். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567, கட்டணம் இல்லை. இல்லத்தில் இருக்கும் பெரியவரே அழைக்கலாம்.

எந்தச் சிகிச்சைக்கும் பெரியவரின் சம்மதம் முக்கியம். மகன் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக, நினைவு தெளிவாக உள்ள தாயின் பல்லை அவரைக் கேட்காமல் பிடுங்கக் கூடாது.

செலவுக்கு அஞ்ச வேண்டாம்

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. பல் மருத்துவக் கல்லூரிகளில் ஊர்களுக்குச் சென்று முகாம் நடத்தும் சமூகப் பல் மருத்துவத் துறையும் இருக்கும். இல்ல நிர்வாகி கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, வளாகத்திலேயே முகாம் நடத்தக் கேட்கலாம். வருமானம் குறைந்த மூத்த குடிமக்களுக்கு ஒன்றிய அரசு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில், கைத்தடி, காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடியோடு பல்செட்டும் இலவசம். கேரள அரசு ஏழை முதியோருக்குப் பல்செட் கொடுப்பதற்கென்றே மந்தஹாசம் என்ற திட்டத்தை நடத்துகிறது. தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

விதி எழுதினால் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. இல்லத்தில் சேரும்போதே வாய்ப் பரிசோதனை, தினம் இரு வேளை பல் துலக்கல் என்று அங்கே 2016-இல் வழிகாட்டுதல் வந்தது. கண்காணிப்பு ஆணையம் 2019-இல் அறிக்கை வெளியிட்டபோது, பார்வையிட்ட 100 இல்லங்களில் 52 விழுக்காட்டில் வாய் நலத்துக்கென எழுதிவைத்த கொள்கையே இல்லை. உள்ளே வந்து பார்ப்பவர்கள் கேட்டால்தான் காரியம் நடக்கும்.

ஆகவே அடுத்த முறை போகும்போது இவற்றைக் கேளுங்கள்:

* சேர்ந்த அன்று வாயைப் பரிசோதித்துக் குறித்து வைத்தார்களா?
* தினமும் பல் துலக்கியதை மருந்துப் பதிவேட்டைப்போல எழுதி வைக்கிறார்களா?
* உதவியாளர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்திருக்கிறார்களா?
* பல்செட்டில் பெயர் இருக்கிறதா? இரவில் கழற்றுகிறார்களா?
* ஆண்டுக்கு ஒரு முறையாவது பல் மருத்துவர் வருகிறாரா?

பதில்களை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாரிசு இல்லாத பெரியவர் யாராவது பக்கத்துக் கட்டிலில் இருந்தால், அவருக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.