பருப்புக்கும் அளவு உண்டு



எங்கள் ஸ்கெலட்டனில் ஒரு வீட்டுக் குழந்தைக்கு ஒரு நாள் ஆசையாகச் சுண்டல் நீட்டினேன். தாய் ஓடி வந்து தடுத்தார். எனக்கு மனத்தாங்கல். பிறகு அவர் சொல்லித்தான் பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாட்டை அறிந்தேன்.

நான் மருத்துவன் அல்ல. ரயில்வேயில் ஓய்வு பெற்ற டிப்ளமா பொறியாளன். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். புரதத்தில் பீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் உண்டு. அதை டைரோசினாக மாற்றும் நொதி இவர்களுக்குச் சரியாக வேலை செய்யாது. லைன் கிளியர் கிடைக்காவிட்டால் வண்டிகள் பின்னால் தேங்குமல்லவா? அதுபோல இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. 1934-இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் இதைக் கண்டறிந்தார்.

ஒரு கிராம் புரதத்தில் சுமார் 50 மில்லிகிராம் பீனைல்அலனின் இருக்கும். 100 கிராம் பருப்பில் புரதம் 20 கிராமுக்கு மேல். அரிசியில் சுமார் 7. ஜவ்வரிசியில் மிகச் சொற்பம். ஆகவே பருப்பு, முட்டை, இறைச்சியை விலக்கி, சோற்றையும் பாலையும் அளந்து, பீனைல்அலனின் நீக்கிய புரதப் பொடியும் தருகிறார்கள். புரதத்தை அறவே நிறுத்தினாலும் வளர்ச்சி குன்றும். இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். அஸ்பார்டேம் கலந்த பானங்களும் ஆகா.

இது தாய், தந்தை இருவர் வழியாகவும் வருவது. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் நம்மிடையே வாய்ப்பு கூடுதல். 1980-இல் கர்நாடகத்தில் தொடங்கிய திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். குதிகாலில் சில சொட்டு இரத்தம் போதும். பிறந்த சில நாட்களில் தெரிந்தால் மூளையைக் காக்கலாம்.

தாத்தா பாட்டிமாரே, பெற்றவளைக் கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள். நான் இப்போது கேட்டுத்தான் கொடுக்கிறேன்.