மகள்வழி மரபும் மன்னன் அவதாரமும்

சிங்கப்பெருமாள் கோயிலில், பாடலாத்திரியைக் குடைந்தமைத்த சந்நிதியில் நரசிங்கப் பெருமான் எழுந்தருளியிருக்கின்றான். அக்குடைவரையில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டும், முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டும் உள்ளன. இருவரும் சோழர் என்றே வழங்கப்படினும், பின்னவன் தந்தை வழியில் வேங்கிச் சாளுக்கியன். இவனையே சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் திருமாலின் அவதாரமாகப் பாடினார். அக்கூற்றை வைணவர் எவ்வாறு கொள்ளத்தகும் என்பது ஆராய்தற்குரியது.

இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கியின் விமலாதித்தனுக்கு மணம்செய்வித்தான். அவர்தம் மகன் இராசராச நரேந்திரன். நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் செய்தது இவன் அவையிலேயே. இவன் தன் அம்மான் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் மகனே குலோத்துங்கன். அவனும் தன் அம்மான் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். இவ்வாறு இரு தலைமுறைகளில் அம்மான் மகளை மணந்தமையால் வேங்கி சோழர்க்கு உறவுநாடாயிற்று.

அம்மான் மகளை மணத்தல் தென்னாட்டார்க்குரிய வழக்கமெனப் போதாயன தருமசூத்திரம் குறிக்கும். பாரதத்தில் அருச்சுனன் மணந்த சுபத்திரை, அவன் தாய் குந்தியின் உடன்பிறந்தானாகிய வசுதேவனின் மகளே. அம்மணத்தின் வழிவந்த பரீட்சித்தே குருகுலத்திற்கு எஞ்சிய ஒரே கொழுந்து. அவனைக் கருவிலே காத்தவன் கண்ணன்.

இராசராச நரேந்திரனுக்குப்பின் வேங்கி குலோத்துங்கனுக்கு எளிதில் கிட்டவில்லை; சிற்றப்பன் விசயாதித்தன் அதனைக் கைக்கொண்டான். சோழநாட்டில் வீரராசேந்திரன் தன் மகளை மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்து வேறோர் உறவை நாட்டியிருந்தான். 1070இல் வீரராசேந்திரன் மறைந்தான். அவன் மகன் அதிராசேந்திரனை அரியணையில் நிலைநிறுத்த விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு வந்தான் என்று பில்கணர் தம் காவியத்தில் கூறுவர். அவன் மீண்டபின் எழுந்த கலகத்தில் அதிராசேந்திரன் மாண்டான். அவ்வாண்டே குலோத்துங்கன் முடிசூடினான். ஒரு மண உறவு தோற்ற இடத்தில் மற்றொரு மண உறவு வென்றது.

ஆயினும், 'சந்திரகுலத்தான் சூரியகுலத்து அரியணையில் அமர்வது எவ்வாறு?' என்னும் வினா எஞ்சியது. மகனில்லாதான் மகள் வயிற்றுப் பேரனைத் தன் வழித்தோன்றலாகக் கொள்ளலாமென மனு கூறும். இராசேந்திரனுக்கோ புதல்வர் பலர் இருந்தனர். ஆகவே அவ்விதி இங்குப் பொருந்தாது. சயங்கொண்டார் சட்டத்தை விடுத்து அவதாரத்தைப் பற்றினார். தேவகி வயிற்றில் பிறந்த திருமாலே மீண்டும் பிறந்தான் என்றும், பாட்டியாகிய இராசேந்திரன் தேவி அக்குழவியை ஏந்தித் தம் குலத்துக்கும் இவன் மகனாகுக என மகிழ்ந்தாள் என்றும் அமைத்தார். இராமன் சூரியகுலத்தும் கண்ணன் சந்திரகுலத்தும் தோன்றியமையால், திருமாலுக்கு இரு குலமும் உரியவை. கண்ணனும் ஓரிடத்துப் பிறந்து வேறோரிடத்து வளர்ந்தவன்.

இதனைச் சொல்லளவில் கொள்ளின் ஓர் இடர் உண்டு. எம்பெருமானார்க்குத் தீங்கு நினைத்த சோழனைக் குருபரம்பரை நூல்கள் கிருமிகண்டன் என்கின்றன. அவன் குலோத்துங்கனே என்பாரும், பிறனென்பாரும் உளர். முன்னது உண்மையாயின், எம்பெருமானின் அவதாரம் எம்பெருமானாரையே நாடு கடத்தியதாக முடியும்.

இவ்விடரைத் தீர்க்கும் வழி சம்பிரதாயத்திலேயே உளது. கீதை பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன், மனிதருள் அரசன் தானே என்கிறான். அங்ஙனம் ஒன்றாகச் சொல்வது, எல்லாவற்றுள்ளும் ஆத்மாவாய் நிற்பதனால் என்பது பாஷ்யகாரர் திருவுள்ளம். திருவாய்மொழி நான்காம் பத்து நான்காம் திருவாய்மொழியில், செல்வமுடைய அரசரைக் கண்ட தலைமகள் திருமாலையே கண்டதாகக் கூறுவதும், பிரிவாற்றாமையால் ஒப்புடைய பொருளை அவனாகவே எண்ணும் நிலையே. மன்னன் எம்பெருமானை நினைப்பூட்டும் அடையாளமாகலாம், எம்பெருமானாகான். அவதாரம் தன் இச்சையால் நிகழ்வது. மன்னர் பிறவியோ கருமத்தால் வருவது.

ஆகவே பரணியின் அவதாரம் உபசார வழக்கே. மகள்வழி உரிமைக்குப் புலவர் தேடிய அரணாகவே அதனைக் கொள்ளுதல் தகும். பாடலாத்திரியில் இருமன்னர் பெயரும் எம்பெருமானுக்கு அடியில் எழுத்தாக நிற்பதே அவர்களுக்குரிய நிலையாகும்.